டேப் அக்காவைத் திட்டிய நாள்

எங்கள் அண்ணியை இந்த வார்டில் யாரும் கவுன்சிலர் என்று கூப்பிடுவதில்லை. டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்றி வைக்க அவருக்கு ஞாபகமே இருக்காது. பதவியேற்ற அன்றுகூட அதோடுதான் போய் நின்றார். அது என்ன உங்கள் கட்சிச் சின்னமா என்று மேயரே கேட்டாராம். நான் அவருடைய நாத்தனார். அவர் தையல் கடையில் இரண்டாவது மெஷின் என்னுடையது. நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றி நாலு குறையாவது சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் நாற்பது இருக்கிறது. ஆனால் வேறு யாராவது வாயைத் திறந்தால் சும்மா விடமாட்டேன்.

அவர் அரசியலுக்கு வந்தது பெரிய கதை ஒன்றுமில்லை. எங்கள் பகுதி ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே கிடந்தது. நகரம் வளர்ந்து வளர்ந்து எங்களையும் விழுங்கியது. வரி வந்தது, கதவு எண் வந்தது, மேட்டில் அடுக்குமாடிகள் வந்தன. வடிகால் மட்டும் வரவில்லை. மேட்டுத் தண்ணீருக்கெல்லாம் பள்ளத்தில் இருக்கும் எங்கள் தெருதான் போக்கிடம். ஒரு மழை பெய்தால் போதும், சாக்கடை அடுப்படி வரைக்கும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். இதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று தேர்தலுக்கு ஆள் தேடினார்கள். வாய் கிழியப் பேசிய ஆண்கள் எல்லோரும் நைசாக நழுவிவிட்டார்கள். அண்ணிக்கு முடியாது என்று சொல்ல வராது. நாளைக் காலையில் யூனிஃபார்ம் வேண்டும் என்று சாயங்காலம் துணியோடு வருகிறவர்களிடமும் சரி என்றுதான் சொல்வார். இதற்கும் சரி என்றார். நின்றார், ஜெயித்தார்.

அன்றிலிருந்து வடிகால் வடிகால் என்று மாநகராட்சி ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். முடியாது என்று எந்த ஆபீசரும் சொல்லவில்லை. பார்க்கலாம்மா என்றார்கள், அவ்வளவுதான். கல்லில் நார் உரிக்கிற வேலை. நாலு வருஷம் கழித்து ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த பெருமழைக்கு முன்னால் ஒரு வார்டுக்குத்தான் வடிகால் போட முடியும். எங்கள் வார்டா, பக்கத்து வார்டா என்று ஒரு இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து, ஜனங்களையும் விசாரித்து முடிவு சொல்வார்.

அவர் வருவதாக இருந்த அன்று விடிந்தபோது, இரவு பெய்த மழையில் தெரு முழுக்கக் கறுப்புத் தண்ணீர் நின்றது. சாக்கடையைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்த ஒரு மனுஷியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்ஜினியரைக் கையோடு கூட்டிவர அண்ணி கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

மதியம் ஜீப்பில் வந்து இறங்கினால், இது எங்கள் தெருதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீரைக் காணோம். மோட்டார் வைத்து இறைத்திருக்கிறார்கள். சேற்றின் மேல் புது மணல். உடைந்த சாக்கடை மூடிகள் மேல் பூந்தொட்டிகள். ஜனங்கள் தலைவாரி, துவைத்த துணி உடுத்தி, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருப்பது போல வரிசையாக நின்றார்கள். தெருக்கோடி இஸ்திரிக்காரர் முன்னால் வந்து இன்ஜினியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அண்ணியிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"நம்ம அக்கா வார்டு நாறுதுன்னு அந்த ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதில்ல? அதான் எல்லாரும் சேர்ந்து கையோட முடிச்சிட்டோம்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் பூந்தொட்டி ஒன்றைத் தூக்கி இஸ்திரிக்காரர் தலையில் போடலாம் போலிருந்தது. பாசம் இருக்க வேண்டியதுதான், அதற்காகப் புத்தியை அடகு வைப்பார்களா?

இன்ஜினியர் நல்ல மனிதர். தெருக்கோடி வரை நடந்து பார்த்தார், பூக்களை ரசித்தார், சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். வீட்டுச் சுவர்களில் தண்ணீர் ஏறிய தடத்தைக் காட்டலாம் என்று அண்ணி ஓடினார். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தார்கள், அதுவும் ஈரம் காயாமல்.

பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டுக் கூட்டம் நடந்தது. குறை இருந்தால் சொல்லுங்கள் என்று இன்ஜினியர் கேட்டார். பால்காரர் எழுந்து, குறை என்று ஒன்றுமே இல்லை என்றார். பக்கத்து வீட்டு டீச்சர், எங்கள் கவுன்சிலர் பத்தரைமாற்றுத் தங்கம் என்றார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், என்னைத் திட்டுங்கள் என்று எழுந்து நின்று கெஞ்சினார். அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள். என்ன ஒரு அடக்கம் பார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு. எந்தக் கவுன்சிலரும் தன் வார்டுக்குத்தான் கேட்பார் அம்மா, ஜனங்கள் சொல்வதை வைத்துத்தான் நான் முடிவு பண்ண முடியும் என்று இன்ஜினியர் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து எங்கள் அண்ணன் எழுந்தார். அண்ணன் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் பஸ்ஸில் கத்துவதற்குச் சேர்த்து வைத்து வீட்டில் வாயே திறக்கமாட்டார். அன்றைக்கு அந்த பஸ் குரல் வெளியே வந்தது.

"சார், மழை பேஞ்சா எங்க அடுப்படியில சாக்கடை நிக்குது. கட்டில் மேல அடுப்ப வச்சு சமைக்கிறோம். நாலு வருஷமா இந்தக் கவுன்சிலரால ஒரு துரும்பக்கூட நகர்த்த முடியல."

இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். நீங்கள் யார் என்று கேட்டார்.

"அந்தம்மாவோட வீட்டுக்காரர்."

அண்ணி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணன் அவரைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. மன்னிச்சுக்கங்க அக்கா என்று ஆரம்பித்து ஒவ்வொருவராகத் திட்டினார்கள். வண்டியோடு சாக்கடைக்குள் விழுந்து கை ஒடிந்ததைப் பால்காரர் சொன்னார். காலையில் செய்த வேலையை டீச்சர் ஒன்றுவிடாமல் போட்டு உடைத்தார். பூந்தொட்டிகளை நகர்த்திக் காட்ட நாலு பேர் ஓடினார்கள். இன்னும் நல்லா சொல்லுங்க என்று அண்ணி தலையாட்டிக்கொண்டே இருந்தார். இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டு, போய்ப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வடிகால் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கூட்டம் கலையும்போது இஸ்திரிக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி நின்றார். திட்டுவதற்கு அவரிடமும் ஒன்று மிச்சம் இருந்தது. அது வடிகால் சமாச்சாரம் இல்லை. அவர்கள் சந்துக் குழாயில் தண்ணீர் வருவது நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். அவர் மனைவி தினமும் மேடேறி, அடுக்குமாடி வாட்ச்மேனிடம் கெஞ்சித் தண்ணீர் கொண்டுவருகிறாராம். அண்ணியின் தலையாட்டல் நின்றுவிட்டது. இது அவருக்குத் தெரியவே தெரியாது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன்க்கா, ரெண்டு மூணு வாட்டி. நீங்க அப்பதான் சாப்பிடத் தட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பீங்க. உங்க முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கும். அப்படியே திரும்பிடுவேன்."

ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபோதெல்லாம் அழாத அண்ணிக்கு அப்போது கண் நிறைந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. அவர் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாவம் பாக்கவா எனக்கு ஓட்டுப் போட்டீங்க?"

அண்ணி விடுவிடுவென்று அந்தச் சந்துக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். குழாயைத் திருகினார். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான். அண்ணி குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்து, வேறு என்னவெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு கூட்டத்தில் ஒரு பெண்மணி, தப்பா நினைக்காதீங்கக்கா என்று ஆரம்பித்தார். அவர் முடித்ததும் இன்னொருவர் ஆரம்பித்தார். பொழுது சாயும் வரை அண்ணி அந்தக் கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை.