கிருஷ்ணவேணியின் பத்துப் பச்சைப் பலகைகள்

சால்டரிங் அயர்னின் சூடான முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, அது 'ஸ்ஸ்' என்று சொன்ன பிறகுதான் கிருஷ்ணவேணி ஈயக் கம்பியைத் தொடுகிறாள். காலை ஐந்து நாற்பது. சாப்பாட்டு மேசையின் இடது பாதி அவளுக்கு, வலது பாதி இட்லிக்கு. எல்லை தாண்டி வந்த தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒதுக்குவாள். ஏழரைக்கெல்லாம் தலையில் பிச்சிப்பூவும் புடவையில் ஈயப் புகை வாசனையுமாக, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

வயது நாற்பத்தொன்பது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவளல்ல; கெட்டுப்போன ஒரு ரேடியோவைப் பிரித்ததில் பிடித்த கிறுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று செய்தாள். வரிசையாகத் துளை போட்ட பழுப்பு டாட் போர்டில் ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர். அடிப்பக்கம் ஒயர்கள் இடியாப்பம். "பாக்கச் சகிக்காது, ஆனா வேல கிளியராக்கும்" என்பாள். உண்மைதான், ஒருநாளும் தவறியதில்லை. அது கத்தும்போதெல்லாம் கணவர் அழகியநம்பி, "எட்டி வேணி, ஒம் பிள்ள அழுகுது" என்பார்.

வலியசாலையில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடியில் பத்து வீடு, மொட்டைமாடியில் பத்துத் தொட்டி. வழிகிற தண்ணீரில் சுவர் ஊறிப்போக, வீட்டுக்கொரு அலாரம் கடையில் வாங்கலாம் என்றாள் சங்கச் செயலாளர் திவ்யலட்சுமி. கிருஷ்ணவேணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கடை எதுக்கு? ஞாயித்துக்கிழம மீட்டிங்குல பத்தும் நான் தாறேன்."

"பத்தும் கத்தணும் கேட்டோ அக்கா. இல்லேன்னா கடைதான்."

பத்து முறை இடியாப்பம் பிழிய முடியாது. சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பி, அச்சுப் பலகைகளாகவே வரவழைத்தாள். புதன்கிழமை வந்தன. பச்சை மினுமினுப்பு, முடி கனத்தில் செப்புக் கோடுகள், எது எங்கே என்று வெள்ளை எழுத்து, மூலையில் 'கி.வே.'. கை கழுவிவிட்டுத்தான் தொட்டாள். ஒன்றை மட்டும் முடித்துச் சோதிக்கும் பொறுமை இல்லை. பத்தையும் ஒரே மூச்சில் பற்றவைத்தாள்.

பத்தும் ஊமை.

வியாழன் லீவு போட்டு, நாள் முழுக்க மல்டிமீட்டரும் கையுமாகத் துழாவினாள். "இஞ்சேருங்க, அச்சடிச்சவன் சதிச்சிட்டான்!"

"நீ வரஞ்சதத்தான அவன் அடிச்சான்?" என்றார் நம்பி.

அவள் பழைய டாட் போர்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. அதில் ஈயம் வைப்பது அடிப்பக்கம். அவள் கண்ணுக்குப் பழகியதும் அதுவே. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் அடியிலிருந்து பார்த்தபடியே வரைந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் கேட்பதோ மேலிருந்து பார்த்த படம். இடக்கால் வலப்பக்கம் போய்விட்டது. டாட் போர்டில் என்றால் ஒயரைப் பிடுங்கி மாற்றினால் தப்பு நடந்த சுவடே இராது. இங்கே தப்பும் பத்துப் பிரதி, பெயரெழுத்தோடு.

"திருப்பிக் குத்துனாப் போச்சு" என்றார் நம்பி.

போச்சுதான். ஆனால் டிரான்சிஸ்டரின் தட்டை முகம் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று பலகையில் வெள்ளைக் கோடு காட்டுகிறது. அவளே போட்ட கோடு.

"கோட்டுக்கு முதுகக் காட்டிட்டு நிக்குமே. யாராவது தொறந்து பாத்தா?"

"யாரு, திவ்யலட்சுமியா? அவளுக்கு எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுன்னே தெரியாது."

"அவ மகன் இன்ஜினியரிங்காக்கும்!"

வெள்ளியும் சனியும் பத்து டிரான்சிஸ்டரையும் கழற்றி, திருப்பி வைத்து, பிளாஸ்டிக் பெட்டிகளில் மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் ஒரு பக்கெட் தண்ணீர். ஒவ்வொரு அலாரத்தின் ஒயரையும் முக்கினாள். பத்தும் கத்தின, கடைசி இரண்டுக்கு எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கொள்ளாம் அக்கா, நல்லாருக்கு! உள்ள எப்படி இருக்கு, ஒண்ணு தொறந்து பாக்கட்டா?" என்றாள் திவ்யலட்சுமி.

"அதுக்கென்ன, பாரேன்" என்று முதல் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள் கிருஷ்ணவேணி. அதன் நாலு ஸ்க்ரூ தலைகளிலும் மகள் சுப்ரியாவின் சிவப்பு நெயில் பாலிஷ் பள்ளமே தெரியாமல் கெட்டியாக உறைந்திருந்தது. திவ்யலட்சுமி நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கிருஷ்ணவேணி பாலிஷ் இன்னும் காயாத பத்தாவது பெட்டியை முகத்தருகே எடுத்து, மெல்ல ஊதினாள்.