உட்கார்ந்துபோன காரும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் தண்டபாணிக்குக் காற்று என்றால் அப்படி ஒரு பைத்தியம். காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அவர் பார்த்தது ஒரே வேலைதான். குழாயிலும் உருளையிலும் காற்றை அடைத்து, எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. சோதிக்காத எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். யார் கெஞ்சினாலும், யார் முறைத்தாலும் "நக்கோ சார்" என்று இந்த ஊர் உருதுவில் 'வேண்டாம்' சொல்லிப் பேனாவை மூடிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். குக்கர் விசில் அடித்தால் பக்கத்தில் போய்க் காதை வைத்து "கேஸ்கட் கசியுது" என்கிற மனுஷனோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

2011இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஒர்க்‌ஷாப் திறந்தார். 'ஏர் சஸ்பென்ஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்று ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வேறு. இரும்பு ஸ்ப்ரிங்குக்குப் பதிலாக ரப்பர் பையில் காற்றை அடைத்து, அதன்மேல் உட்கார்ந்து ஓடும் பணக்காரக் கார்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு வைத்தியம் பார்ப்பாராம். ஆறு மாதம் வந்ததெல்லாம் பழைய மாருதிகள்தான். தெருவில் காய்கறிக்காரர்கூட "என்ன மேடம், பெரிய கார் ஏதும் வரலியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வியாழக்கிழமை வந்தான் கௌஷிக். திருநெல்வேலிப் பையன். மாதாப்பூரில் ஏதோ பெரிய கம்பெனியில் மேனேஜர். செகண்ட் ஹாண்டில் ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருக்கிறான். ராத்திரி நிறுத்திவிட்டுப் போனால், காலையில் பின் இடது பக்கம் மட்டும் தரையோடு உட்கார்ந்துவிடுகிறதாம். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் நாலு பையையும் மாற்றிவிடு என்று சொல்லிவிட்டார்களாம்.

"எங்க ஆபீஸ்ல மூணு பேருக்கு இதே மாதிரி கார் இருக்கு சார். நீங்க சரி பண்ணிட்டா எல்லாரும் இங்கதான் வருவாங்க" என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா அந்தப் போர்டை நானே இறக்கிடறேன் தம்பி" என்றார்.

பையன் போனதும் பிடித்துக்கொண்டேன். "உங்களை யாருங்க சபதம் போடச் சொன்னது? போர்டை இறக்கிட்டு என்ன பண்றதா உத்தேசம்? மறுபடியும் மாருதிக்கு ஆயில் மாத்தணுமா?"

அவர் ஏற்கெனவே சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

காற்று கசிகிற இடத்தில் சோப்புத் தண்ணீர் நுரைத்துக் குமிழ் விடும். வியாழன் முழுக்கப் பை, குழாய், மூட்டு, வால்வு என்று ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தார். ஒரு குமிழ்கூட வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பையை மட்டும் தனியாகக் கழற்றிக் காற்றடைத்து, அழுத்தமானியை மாட்டி விட்டுவிட்டார். சனிக்கிழமை காலையில் பார்த்தால் முள் இம்மியும் அசையவில்லை. மாட்டிவிட்டார், மத்தியானத்துக்குள் கார் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. எருமை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது.

திடீரென்று நிமிர்ந்தார். "கமலா, காத்து கசியலை. யாரோ திறந்துவிடறாங்க."

"யாரு, பேயா?"

"காரோட கம்ப்யூட்டர்! உன் தையல் டேப்பை எடுத்துட்டு வா."

விஷயம் இதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் விரல் நீளத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். நான் டேப்பைப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, அவர் காரோடு இணைத்த லேப்டாப்பில் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று சக்கரத்தில் டேப்பும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போயின. பின் இடதில் கார் தரையோடு கிடக்கிறது. கம்ப்யூட்டரோ உயரம் அதிகம், இறக்கு, இறக்கு என்று காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறது.

காரைத் தூக்கி டார்ச்சோடு அடியில் நுழைந்தவர் ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கையில் சேறு பூசிய ஒரு கறுப்புத் துணி மூட்டை. பிரித்தால் படிகாரம், காய்ந்த மிளகாய், கரித்துண்டு. திருஷ்டிக் கயிறு! அந்தச் சின்னக் கம்பியில் இறுக்கிக் கட்டி, அது நகர முடியாமல், உயரம் அதிகம் என்றே காட்டும்படி இழுத்துப் பிடித்திருந்தது. மூன்று நாளாக அடியிலேயே கிடந்த மனுஷன், ஓட்டையையே தேடிக்கொண்டிருந்ததால் அதை மண் கட்டி என்று விட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கௌஷிக் அவன் அம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்களாம். பகவதியம்மாள் என்று பெயர். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறைய விபூதி. மேஜைமேல் இருந்த மூட்டையைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் செத்துப்போயிற்று. பையன் கவனிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரரை உள்ளே இழுத்தேன்.

"ஏங்க, வால்வு போயிடுச்சு, மாத்திட்டேன்னு சொல்லிடுங்க. அந்தம்மா மானமும் தப்பிக்கும், வெறும் கயிறை அவுத்தேன்னு சொல்றதைவிட நமக்கும் பேரு."

"நக்கோ கமலா. மாத்தாத வால்வை மாத்தினேன்னு எழுதமாட்டேன்."

வெளியே போய், "கசிவு ஒண்ணும் இல்ல தம்பி. உயரம் சொல்ற கம்பியில இது சிக்கியிருந்தது. ஹவ், ஆமா, இவ்வளவுதான்" என்று மூட்டையைக் காட்டினார். யார் கட்டியது என்று மட்டும் கேட்கவில்லை.

கௌஷிக் முகம் சிவந்துவிட்டது. "எவன் சார் இதைக் கட்டினது? வாட்ச்மேனா?"

"வாட்ச்மேனைத் திட்டாதல. நாந்தான் கெட்டுனேன்" என்றார் பகவதியம்மாள். "முன்னால பூராவும் வழுவழுன்னு பிளாஸ்டிக்கா இருக்கு. கெட்ட ஒரு இடமில்ல. சக்கரத்துக்குள்ள கைய விட்டேன், தோதா ஒரு கம்பி ஆம்பிட்டுது. சொன்னா நீ ஏசுவல்லா, அதான் சொல்லல."

பையன் கத்தப்போகிறான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்பம்மா கெட்டுன?"

"விடியக்காலம், நீ உறங்கும்போது. தெனமும் ரெண்டு மணி, மூணு மணிக்கு அந்த ரோட்டுல ஒத்தையில வாரியே. நீ வந்து சேருத வரைக்கும் எனக்கு உறக்கம் வரமாட்டேங்கு. இந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா?"

அவன் மூட்டையைக் கையில் எடுத்துத் தூசு தட்டி, "சார், இதை எங்க கெட்டுனா காருக்கு ஒண்ணும் ஆகாது?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

திருஷ்டி கிருஷ்டி எதிலும் நம்பிக்கை இல்லாத என் வீட்டுக்காரர், முன்பக்கம் இருந்த சின்ன மூடியைத் திறந்து, வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கிற கொக்கியைத் திருகி மாட்டினார். "இங்க கட்டுங்கம்மா. மொத்தக் காரையே தாங்குற கொக்கி இது. உங்க மூட்டையைத் தாங்காதா?" பகவதியம்மாள் மூன்று முடிச்சுப் போட்டார். அப்புறமும் இவர் காரை விடவில்லை. ஒரு ராத்திரி நிறுத்திவைத்து, நாலு பக்கமும் அளந்து பார்த்துத்தான் திங்கட்கிழமை அனுப்பினார்.

போர்டு இறங்கவில்லை. கௌஷிக் கதையை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். காரைத் தூக்குவதற்கு முன்னால் எல்லோரிடமும் இவர் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?"

முதல் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவதாக வந்த விஸ்வநாத் மட்டும், "இல்ல சார். ரெண்டு வருஷமா கூப்பிடணும் கூப்பிடணும்னு இருக்கேன். வேலைல நேரமே கிடைக்கல" என்றான்.

இவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"காரை நாலு நாள் விட்டுட்டுப் போங்க தம்பி. நான் சரி பண்ணி வெக்கறேன். நீங்க ரயிலைப் பிடிச்சுப் போய் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."