ஸ்டெல்லா மிஸ், உங்களிடம் யார் சொன்னது?

ஸ்டெல்லா மிஸ் இன்று காலை இறந்துவிட்டாராம். நெஞ்சு வலியாம். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது... நான் நம்பவில்லை.

என்னை வரவழைக்க அந்த மிஸ் போட்ட இன்னொரு திட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். செய்யக்கூடிய ஆள்தான்.

மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனிக்கு, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்தால் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். தூத்துக்குடிப் பக்கம். சின்ன வயசு.

இரண்டாம் வகுப்பைத் தாண்டாத என்னையும் பிடித்து உட்கார வைத்தார்.

ஒருநாள் குடும்பப் பாடம். அப்பனைப் போலவே மகன் இருந்தால் "சிப் ஆஃப் தி ஓல்டு பிளாக்". வீட்டுக்குப் பேர் கெடுத்தவர் "பிளாக் ஷீப்". அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாரா இல்லையா... பார்த்தார்.

என் மகள் ஒரு தென்னாட்டு டெய்லரோடு போனது அந்த ஹாலில் பாதிப் பேருக்குத் தெரியும். போன நாளிலிருந்து அவள் பேரை நான் வாயில் எடுத்ததில்லை.

"பாட்டிம்மா, தாடையில இந்தக் குழி உங்க வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க மிஸ். நீங்க பாடத்தை நடத்துங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எதற்கு விசாரிக்கிறார்? மகள் அனுப்பிய ஆளோ?

அடுத்த வகுப்பில், பேக்கிங்குக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

"பையர் ஓகே சொன்ன அப்ரூவல் சாம்பிளையும் தைச்சு வந்த பீஸையும் பக்கத்துல வச்சுப் பாப்பீங்கள்ல? அப்படிப் பாருங்க. இதுதான் ஸ்பிட்டிங் இமேஜ். அச்சு அசல்!"

பார்த்தேன். செக்கிங் கண் சும்மா இருக்குமா... தாடையில் குழி, கூடின புருவம், அந்த முறைப்பு. ரிஜெக்ட் பண்ண ஓர் இடமில்லை.

"அம்மாயி..." என்றாள், மெதுவாக. அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது.

டிஃபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிறகு அந்த வகுப்புப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் கேட்டில் மிஸ்ஸைப் பிடித்தேன். "ஏனுங்க மிஸ், எம்புள்ளதான சொல்லி உட்டா?"

"சத்தியமா யாரும் சொல்லல பாட்டிம்மா. ரெண்டு முகத்தையும் பாத்தேன், அவ்வளவுதான்."

கேட்காமலே சத்தியம் செய்கிறவர்களை எனக்கு எப்போதும் சந்தேகம்.

இன்று மிஸ் வீட்டுக்குப் போனேன். நிஜம்தான்... கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தார். அப்போதும் ஏதோ திட்டம் போடுகிற முகம்.

அந்தப் பேக்கிங் பெண், வந்தவர்களுக்குச் சேர் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று போட்டாள். பக்கத்திலேயே நின்றாள். இந்தத் தடவை அம்மாயி என்று கூப்பிடவில்லை. பயம்.

எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் குனிந்து கேட்டாள். "ஏனுங்க, இந்தப் புள்ள யாருங்க? அப்படியே உங்க சாடையா இருக்குது?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். கை மட்டும் என் சேரைப் பிடித்திருந்தது.

"எம்புள்ள சரசு பொண்ணுங்க" என்றேன். "ஸ்பிட்டிங் இமேஜ்."

போய் வாருங்கள் மிஸ். யாரும் சொல்லவில்லை என்றீர்கள்... நான் இன்னும் நம்பவில்லை.

சரசுவிடமே கேட்டுக்கொள்கிறேன்.