முந்தி ஓடிய கடிகாரமும் என் நெஞ்சும்

முதல் தடவை வந்தது தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும்போது. கையில் கரண்டி. நெஞ்சு திடீரென்று தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. இடது கை மரத்துப்போனது, உதடு கூசியது, உள்ளங்கையில் வேர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோசை கருகியது. மணியைப் பார்த்தேன். பார்த்ததும் அடிப்பு இன்னும் ஏறியது.

இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவுமென்றுதான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. திருநின்றவூரில் வாடகை வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேரிங் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. இரும்பு வளையங்களை அளந்து, கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட நான் தாமதமாகப் போனதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு, சொல்லிவிடுகிறேன்.

அன்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் நான்கு நாள் என்று வர ஆரம்பித்தது. அடுப்படியில் வரும், ஸ்டேஷனில் நிற்கும்போது வரும். என் அப்பா நாற்பத்தைந்து வயதில், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போனவர். எனக்கும் அதேதான் என்று முடிவுகட்டிவிட்டேன். எட்டு வயது மகள் பியூலாவின் தலையைப் பின்னும்போதெல்லாம், இதை இனி யார் செய்வார்கள் என்று தோன்றும்.

கடைசியில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஆவடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

"வேலைய விட்டுடு எஸ்தர். உசுரு முக்கியம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "வேலைய விட்டுட்டு என்ன பண்றது? இந்தச் சொவரப் பாத்துக்கினு உக்காரவா?" என்று கத்தினேன். அந்த வேலையில்தான் நான் எஸ்தர். மற்ற இடத்திலெல்லாம் இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா. டாக்டர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். டாக்டர் வாயில் என்ன வருமோ என்ற பயத்திலேயே இரண்டு வாரம் ஓட்டினேன்.

அம்பத்தூரில் ஒரு பெண் டாக்டர். ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைத் தாளில் கோடுகளாகப் பதியும் பரிசோதனை) எடுத்தார். ரத்தத்தில் தைராய்டு (கழுத்தில் உள்ள சுரப்பி, அதிகம் சுரந்தாலும் படபடப்பு வரும்) பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"அப்ப நான் என்ன, நடிக்கிறேனா?" என்றேன்.

"நடிப்புன்னு யாரும்மா சொன்னா? அடிக்கிறது நிஜம். பழுது இதயத்துல இல்ல, அவ்வளவுதான்." சிரிக்காமல்தான் சொன்னார். "எப்ப வருது, எங்க வருது, ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க."

நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதினேன். எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கம்பெனியில் ஒருநாள்கூட வரவில்லை. அங்கே வளையத்தில் கீறல் விழக்கூடாதென்று வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி டிபன் பையில் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சங்கு ஊதினால் வேலை, ஊதினால் சாப்பாடு, ஊதினால் வீடு.

டாக்டர் தாள்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏழு மணி, ஸ்டேஷன்ல நிக்கும்போதுன்னு எழுதியிருக்கீங்க. உங்க ரயில் எத்தனை மணிக்கு?"

"ஆறு நாப்பது டாக்டர்."

"ஆறு நாப்பது ரயிலுக்கு ஏழு மணிக்கு ஏன் நிக்கிறீங்க?"

"அது எங்க வீட்டு நேரம். பத்து நிமிஷம் கழிச்சிக்கணும்."

ரயிலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இது சகஜம். கடிகாரத்தை ஃபாஸ்ட்டாக வைத்துவிடுவோம். நான்தான் பத்து நிமிடம் முந்தி வைத்திருந்தேன். காலையில் வாட்சுக்குச் சாவி கொடுக்கும்போது அதையும் சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்துவிடுவேன்.

"கழிச்சாலும் ஆறு ஐம்பது ஆகுதே. ரயில் போயிருக்கணுமே?"

"ரயிலா? அது என்னிக்கு நேரத்துக்கு வந்துது? தெனம் கால் மணி லேட்டு!"

டாக்டர் என் கையைப் பிடித்தார். நாடி பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். தன் வாட்சை என் வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தார். "ரயில் மேல தப்பில்லம்மா. உங்க வாட்ச் இருபத்தஞ்சு நிமிஷம் முந்திப் போகுது."

ஐயோ! எத்தனை நாள் அந்த ரயிலைத் திட்டியிருக்கிறேன்! ஸ்டேஷன் கடிகாரத்தை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. என் கையில் இருப்பதைத்தான் நம்பினேன்.

சாயங்காலம் வீட்டில் விசாரணை வைத்தேன். கணவர் தலையைச் சொறிந்தார். "தெனம் லேட்டு லேட்டுன்னு துடிச்சிக்கினு கெடந்த. பாக்கவே பாவமா இருந்துச்சி. உனக்குத் தெரியாம முள்ள இன்னொரு பத்து நிமிஷம் முன்னால தள்ளி வெச்சேன்."

சரி, அப்போதும் இருபதுதானே? மீதி ஐந்து? பியூலா ஸ்டூலுக்குப் பின்னால் ஒளிந்தாள். "நான்தாம்மா. நீ அவசரத்துல திட்டாம இருப்பன்னு."

சிரித்தேன், அப்புறம் அழுதேன். மூன்று பேரும் நல்லதுக்கென்றே என் காலையைப் பிடுங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எப்போதும் முதல் குடும்பமாக வருகிறோம் என்று போதகர் மெச்சியதன் ரகசியமும் அன்றுதான் விளங்கியது.

டாக்டர் சொன்னது எளிமைதான். கண் ஒவ்வொரு தடவை மணியைப் பார்க்கும்போதும் உடம்பு பயந்துவிடுகிறது. மூளை பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்ளும், உடம்புக்குக் கழிக்கத் தெரியாது. அதற்கு மனஅழுத்தம் (ஓயாத அவசரத்தில் உடம்பு தளராமல் விறைத்தே இருப்பது) என்று பெயர் சொன்னார். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னார். காலைக் காபி ஒன்று போதும் என்றார். கடிகாரத்தைச் சரியாக வைக்கச் சொன்னார். வேலையை விட வேண்டாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவர் காலில் விழுந்திருப்பேன்.

கடிகாரத்தைத் திருத்தினோம். இரண்டாம் நாளே ரயிலைத் தவறவிட்டேன்!

பழக்கதோஷம். சரியான மணியிலும் பத்து நிமிடம் கழித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பியிருக்கிறேன். பிளாட்பாரத்தில் ஏறும்போது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு பிடித்துக்கொண்டது பாருங்கள், அப்பா! பதினோரு வருடப் பெயர் போயிற்று என்று கண் இருட்டியது. பெஞ்சில் உட்கார்ந்தேன். மூச்சை மெதுவாக இழுத்தேன், அதைவிட மெதுவாக விட்டேன். இருபது மூச்சு எண்ணியிருப்பேன். அடிப்பு தானாக இறங்கியது. அது இறங்கும் என்பதையே அன்றுதான் நான் உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்த ரயிலில் எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான பட்டரவாக்கம் போய் இறங்கினேன். கேட்டில் வருகைக் கார்டில், தாமதம் என்று சிவப்பு மை விழுந்தது. பக்கத்து நாற்காலி கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா எஸ்தரு, ஒடம்பு நல்லாத்தானே கீது?"

"ரயில உட்டுட்டேன்."

"நீயா!" என்று வாயில் கை வைத்தாள். "இன்னிக்கி டீ உன்னுது."

அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தேன். வானம் இடிந்து விழவில்லை. எதற்குப் பயந்து இத்தனை காலம் ஓடினேனோ, அது ஒரு டீயோடு முடிந்துபோனது.

அப்புறமும் படபடப்பு வந்தது. வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று குறைய ஓராண்டு ஆயிற்று. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நெஞ்சு அடித்தால் நீங்களாகவே மனஅழுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சுப் பயிற்சியே பலித்தது.

இப்போது தோசை வேகும்வரை தோசையைப் பார்க்கிறேன். ரயில் வரும்வரை எதிர்ப் பிளாட்பாரத்து நாய்களைப் பார்க்கிறேன். எப்போதாவது கழுத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பேன். முன்பு அது மிரட்டும். இப்போது வீட்டில் ஒரு ஆள் நடமாடுவதுபோல இருக்கிறது.

போன மாதம் எனக்கு நாற்பத்தாறு முடிந்தது. அப்பா பார்க்காத வயது. அவரும் எங்கே போனாலும் அரைமணி நேரம் முன்னால் போய் நிற்பவர். கடைசிப் பயணத்திலும் அப்படியே முந்திக்கொண்டார். என் பிறந்தநாளன்று காலை பியூலா அடுப்படியிலிருந்து, "அம்மா, மணி என்ன?" என்று கேட்டாள். ஆறு பத்து என்றேன். சுவரில் இருந்ததும் அதேதான்.