கம்பளி காய்கிற மலை

கூடலூர் கடைவீதியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் சோற்றுக்கு. மலையைப் படம் எடுப்பது எனக்காக. “பொம்பளப் புள்ள தனியா கேமராவத் தூக்கிட்டு மலை மலையா அலையுது பாரு” என்று பேசியவர்கள் எல்லாம் பேசி ஓய்ந்துவிட்டார்கள். நான் ஓயவில்லை.

மலையைப் படம் எடுப்பதென்றால் பெரும்பாலும் சும்மா நிற்பதுதான். பைக்காரா பக்கம் ஒரு பகல் முழுக்க நின்று, அட்டைக்கடியைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் அப்படி நின்று நின்று மேகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எது கடந்து போகும், எது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

அதை வைத்து நான் செய்கிற உருப்படியான காரியம், அம்மாவுக்குப் போன் போடுவது. அம்மா சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். நான் பிறந்ததும் அங்கே, வரிசையாக ஒற்றை அறைகளாய்க் கட்டிய லைன் வீட்டில்தான். அம்மா அதை லயம் என்பாள். சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து வந்தவள், அந்தப் பேச்சை மட்டும் விடவில்லை. லைனுக்குப் பின்னாலேயே மலை செங்குத்தாக நிற்பதால், மேற்கிலிருந்து வரும் மேகம் தலைக்கு மேல் வரும்வரை அங்கே யாருக்கும் தெரியாது. எதிர்மலையில் நிற்கிற எனக்குத் தெரியும். “மழை வருதும்மா, எடு” என்று சொன்னால் போதும், அம்மா வாசலில் நின்று ஒரு சத்தம் போடுவாள். லைன் முழுக்கத் துணிக்கொடிகள் காலியாகிவிடும்.

மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வாரக்கணக்கில் வெயிலே கிடையாது. கம்பளியெல்லாம் ஈரம் பிடித்து நாறும். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தால் அம்மாவுக்கு விடிய விடிய இளைப்பு. நடுவில் ஒரு நாள் வெயில் வந்தால், அது கம்பளிக்கு உரிய நாள். அன்றைக்கு லைனே சிவப்பும் நீலமுமாக இருக்கும்.

அந்த ஒரு நாளுக்கும் இடைஞ்சல் வந்தது. எதிர்மலையில் ஒரு ரிசார்ட் கட்டினார்கள். பால்கனி முழுக்கக் கண்ணாடி. முன்கூடத்தில் சுவரை மறைக்கிற மாதிரி ஒரு படம். எங்கள் மலைதான். ஆனால் படத்தில் லைன் இல்லை. எவரோ கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தேயிலையை ஒட்டியிருந்தார்கள். நான் பிறந்த வீட்டின் மேல் தேயிலை! முதல் தடவை ஒரு கல்யாண வேலைக்காகப் போனபோது அதைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே சண்டை போட்டிருப்பேன். பெண்ணும் மாப்பிள்ளையும் நல்லவர்கள், அதனால் வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்தேன்.

வந்து தங்கியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே பார்த்தார்கள். “படத்துல இல்லாத கூரையெல்லாம் இங்க எப்படி வந்துச்சு? அது என்ன துணி?” என்று கேட்டார்கள். படம் பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டார்கள். மலையைப் படத்துக்குத் தகுந்தபடி மாற்றப் புறப்பட்டார்கள். ரிசார்ட் மேனேஜர் எஸ்டேட்டில் போய்ப் பேசினார். லைன் கூரைக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். எதிர்மலைக்குத் தெரிகிற பக்கம் ஒரு துணி காயக் கூடாது, வீட்டுக்குள்ளேயே காயப்போடுங்கள் என்று சூப்பர்வைசர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒற்றை அறைக்குள் எங்கே காயப்போடுவது? சோற்றுப் பானை மேலேயா?

அந்த மழையில் அம்மாவுக்கு இளைப்பு அதிகமானது. போனில் பேச்சை விட மூச்சுதான் கேட்டது.

அப்போதுதான் அதே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், பேச்சு பரம சாது. “ஏனுங்க மேடம், நம்ம பால்கனியில இருந்து புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தரோணுங்க. இந்தத் தடவ கம்ப்யூட்டர் வேலையே வேண்டாங்க. அந்தப் பக்கம் எல்லாம் சுத்தமா வெக்கச் சொல்லிட்டமுங்க.” நான் எந்த வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நேரில் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் “வருகிறேன்” என்றேன்.

அன்று சாயங்காலமே அம்மா புலம்பினாள். “ஞாயித்துக்கெழம யாரோ போட்டோக்காரன் வாரானாம். சூப்பர்வைசரு ஏசிட்டுப் போறாரு. போட்டோ எடுக்குறவங்க என்ன சொல்றாங்களோ அப்படி நடந்துக்கணுமாம்.”

“அது போட்டோக்காரன் இல்லம்மா. நான்தான்.”

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு இளைப்பில் போய் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு வெயில். பல வாரம் கழித்து வந்த வெயில். கழுவி வைத்த மாதிரி மலை. பால்கனியில் கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டுப் பார்த்தேன். எங்கள் லைனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பச்சைக்குள் பச்சையாக, ஆள் இல்லாத மாதிரி கிடந்தது. இப்படி ஒரு வெயிலில் அத்தனை கதவுக்குள்ளும் கம்பளி நாறிக்கொண்டிருந்தது.

பின்மலைக்கு அப்பால் மேகம் இருந்தது. ஆனால் நகர்கிற மேகம் இல்லை. லைனில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. போனை எடுத்தேன்.

“வெயில் நிக்கும்மா. சாயங்காலம் வரைக்கும் நிக்கும்.”

அம்மா மூச்சு வாங்கினாள். “போடவா?”

“போடு.”

அவள் போட்ட சத்தம் பள்ளத்தைத் தாண்டி எனக்குக் கேட்கவில்லை. முதலில் ஒரு சிவப்பு தெரிந்தது. அது அம்மாவுடையது. அப்புறம் பக்கத்தில் ஒரு நீலம், கூரைமேல் ஒன்று, கல்சுவரில் ஒன்று. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஃபோகஸ் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பின்னால் இருந்த சோலைக்காட்டின் மேல் மேகநிழல் விழுந்து, முன்சரிவில் மட்டும் வெயில் அடித்தது. இந்த மாதிரி வெளிச்சத்துக்காக எத்தனையோ மலையில் நின்றிருக்கிறேன். எடுத்தேன்.

மேனேஜர் ஓடிவந்தார். “ஐயோ, என்னங்க இது? எடுக்காதீங்க, எடுக்காதீங்க!”

“எடுத்தாச்சுங்க. ரொம்ப நல்லா வந்திருக்கு.”

“கம்ப்யூட்டர்ல அந்தத் துணிய எடுத்துப்போடலாமில்லீங்க?”

“எடுக்கலாம். நான் எடுக்க மாட்டேன். அது எங்கம்மா போத்திக்கிற கம்பளி. அந்த வீட்டுலதான் நான் பொறந்தேன். இந்தப் படம் வேணும்னா கம்பளியோட மாட்டுங்க.”

அவர் திரும்பி அந்தக் கம்பளிகளைப் பார்த்தார். நான் கேட்க நினைத்த நாலு வார்த்தைக்குத் தேவையே இருக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜீப் பிடித்து லைனுக்குப் போனேன்.

அங்கே சூப்பர்வைசர் குதித்துக்கொண்டிருந்தார். “யாரக் கேட்டுப் போட்டீங்க? மொத எடுங்க எல்லாத்தையும்!” பெண்கள் ஆளுக்கொரு கம்பளிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நீங்கதான சொன்னீங்க, போட்டோ எடுக்குறவங்க சொல்றபடி நடக்கணும்னு? அவங்கதான் போடச் சொன்னாங்க. இந்தா, வந்துட்டாங்க. நீங்களே கேளுங்க.”

“இது உன் மக இல்ல?”

“மகதான். போட்டோ எடுக்க வந்தவங்களும் அவங்கதான்.”

என் வாழ்க்கையில் அம்மா என்னை மரியாதையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், லைனே சிரித்தது. ஆபீஸில் சொல்கிறேன் என்று சூப்பர்வைசர் கிளம்பினார். “நல்லாச் சொல்லுங்க, காஞ்சதும் நாங்களே எடுத்துருவோம்” என்று அம்மா பின்னாலேயே குரல் கொடுத்தாள். பிறகு கம்பளியை மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

“இன்னும் எம்புட்டு நேரம் நிக்கும் புள்ள?”

அண்ணாந்து பார்த்தேன். பின்மலைதான் தெரிந்தது. இங்கிருந்து சொல்ல முடியாது. கேமராவை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு எதிர்மலைக்கு ஏறினேன். இனிமேல் அந்தப் பால்கனிக்குள் என்னை விட மாட்டார்கள். ரோட்டோரம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பாறை இருந்தது, அதில் உட்கார்ந்தேன். அங்கிருந்தும் அந்தச் சிவப்பு நன்றாகத் தெரிந்தது.

அந்தப் படம் இப்போது என் ஸ்டுடியோ வாசலில், ரோட்டில் போகிற எல்லோரும் பார்க்கிற மாதிரி தொங்குகிறது. அதில் ஒரு புள்ளியைக்கூட நான் திருத்தவில்லை.

அன்று வெயில் சாய்ந்ததும் மேகம் கிளம்பியது. போன் போட்டேன். “மழை வருதும்மா, எடு.”

“வரட்டும்” என்றாள் அம்மா. “காஞ்சிருச்சு.”