ஏழு வீட்டில் இருந்த கோழி

பகாவ் நகரத்தில் எங்கள் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு கறுப்பு வயர் இன்னும் பாப்ளர் மரத்தில் தொங்குகிறது. இழுத்துக் கட்டியவர் லிவியு. நூல் ஆலை மூடியபின் சும்மா இருக்கப் பிடிக்காமல், மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வயர் இழுத்து, நாற்பது வீட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டார். யாரிடம் என்ன இருக்கிறது என்று சொல்ல மட்டும் ஒரு பொதுக் கணினி. மற்றபடி பாட்டும் படமும் வீட்டுக்கு வீடு நேராகவே போகும். அந்த நாட்கள் இனி வருமா!

அவர் போட்டது ஒரே சட்டம்: இருபது ஜிபி பகிராதவனுக்கு உள்ளே இடமில்லை. கடைசியில் அவரிடமே பத்தொன்பதுதான் தேறியது. மானம் போகுமே என்று கையில் கிடைத்ததையெல்லாம் பகிர்வில் தள்ளினார். அதில் தம்பி மகன் கல்யாண வீடியோவும் போய்விட்டது. லிவியுவின் மனைவி ஸ்மரான்டா, எங்கள் ஊர்க் கல்யாண வழக்கப்படி வறுத்த கோழியைத் தலைக்குமேல் தூக்கி ஆடிக்கொண்டே, அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டிய மாப்பிள்ளையின் ஞானத்தந்தையிடம் பேரம் பேசும் வீடியோ.

ஒரே வாரத்தில் பேட்டையே பார்த்துச் சிரித்தது. லிவியு கதவு கதவாகத் தட்டினார்.

"அழிச்சுத் தொலைங்கடா! என் பொண்டாட்டி என்ன உங்களுக்கு சர்க்கஸா?"

"அழிச்சாச்சுண்ணே, சத்தியமா," என்றான் நான்காம் மாடி நெலு.

ஸ்மரான்டாவுக்குக் கோபமே வரவில்லை. "விடுய்யா. என் ஆட்டத்தைப் பாக்க அவங்க குடுத்து வெச்சிருக்கணும்."

அந்தக் குளிர்காலத்தில் அவள் கண்ணை மூடிவிட்டாள். ஜூலையில் இடி விழுந்து, அவர் இழுத்த வயர் வழியாகவே வந்து அவர் கணினியைக் கருக்கியது. அவள் குரல் இருந்தது அந்த வீடியோவில் மட்டும்தான். தம்பி வீட்டிலிருந்த அசல் கல்யாண வீடியோ நாடாவும் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. அக்கம்பக்கத்தில் எந்த முகத்தோடு கேட்பது? அழிக்கச் சொல்லிக் கத்தியதே அவர்தானே. பாவம், மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய கணினி ஒன்றை வாங்கி, வயரைச் சரிசெய்து, தேடும் இடத்தில் 'கோழி' என்று அடித்தார். சமையல் குறிப்புதான் வரும் என்று நினைத்தார்.

ஏழு வீடுகளின் பெயர்கள் வந்தன. ஏழிலும் அதே வீடியோ. முதல் பெயர் நெலு.

அமுக்கினார். ஒரு துண்டு நெலு வீட்டிலிருந்து, ஒரு துண்டு எதிர்க் கட்டடத்திலிருந்து என்று ஏழு வீடும் ஒரே நேரத்தில் அனுப்ப, துண்டுகள் ஒன்றுசேர்ந்தன. திரையின் ஓரத்தில் நெலு எழுதினான்:

"மன்னிச்சிருங்கண்ணே, பொய் சத்தியம் பண்ணிட்டேன். அண்ணி ஆட்டத்தை அழிக்க மனசு வரல."

லிவியு வீடியோவை ஓடவிட்டார். கோழியைத் தூக்கிக்கொண்டு அவள் சிரிப்பதை மூன்று முறை கேட்டார். பிறகு அந்த வீடியோவைத் தன் கையாலேயே மறுபடியும் பகிர்வில் போட்டார்.