சக்கர நாற்காலிக்கு வைத்த பொட்டு

போன வருடம் ஆவணி மாதம் மயிலாப்பூரில் ஆரம்பித்த கதை இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் சிரிப்பு வருகிறது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நானும் என் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சின்ன வயதில் போலியோ வந்து அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. மோட்டார் வைத்த மெஷினில் ஜாக்கெட் தைப்பாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நடக்கிற வேலையெல்லாம் எனக்கு, பேசுகிற வேலையெல்லாம் அவளுக்கு. வீட்டுச் சொந்தக்காரரோ, கேஸ் கம்பெனியோ, யாராக இருந்தாலும் போனில் அவள்தான் பேசுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது.

அந்த ஆவணியில், அவள் தைத்துச் சேர்த்த காசில், பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்று தி.நகர் கடையிலிருந்து வந்து இறங்கியது. கைப்பிடியில் சின்னப் பெட்டி, அதன் மேல் ஒரு குமிழ். குமிழை முன்னால் தள்ளினால் வண்டி முன்னால் போகும், திருப்பினால் திரும்பும். புது வண்டி வந்தால் சும்மா விடுவோமா? சந்தனம் குழைத்து அந்தப் பெட்டியில் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். பழம் நசுங்கிய சத்தத்துக்கு அறுபத்தைந்து வயதுக்காரி கை தட்டிச் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வாசல்படிக்குப் பலகை போட்டுவிட்டோம். காலையில் குளத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு, சாயங்காலம் மாட வீதியில் ஒரு ரவுண்டு. நான் பின்னாலேயே ஓடுவேன். காய்கறிக் கடையில் அவளே ஒவ்வொரு கத்தரிக்காயாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தனை வருடமாக நான் வாங்கி வந்ததைத்தான் அவள் நறுக்கியிருக்கிறாள்.

“இன்னாய்யா, இத்தினி நாளா சொத்தையெல்லாம் பொறுக்கி எங்க அக்கா தலையில கட்டிக்கினு இருந்தியா?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

“உங்க அக்கா ஒரு வார்த்த பேசுனதில்லம்மா. நீ வந்ததும் எனக்கு வியாபாரமே போச்சு” என்று அவரும் சிரித்தார்.

இப்படிப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் நடுத்தெருவில் வண்டி நின்றுவிட்டது. குமிழை எப்படித் தள்ளினாலும் அசையவில்லை. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளி ஓரமாக விட்டார்கள். வீடு வரைக்கும் நான் தள்ளிக்கொண்டு வந்தேன், என் தங்கை குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கடை வேன் வந்து நாற்காலியை எடுத்துப் போனது. பத்து நாள் கழித்து நேரில் வரச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன். மேனேஜர் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் குமிழ்ப் பெட்டியைக் காட்டினார். நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

“இதக் கரைச்சு ஊத்தியிருக்கீங்க. ஈரம் உள்ள போயி போர்டு போயிருச்சு. எலுமிச்சம்பழம் வேற ஏத்தியிருக்கீங்க, புளிப்பு மோட்டாருக்கு ஆகாது. இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாதும்மா” என்றார்.

நான் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கையிடம், ‘ரிப்பேர் பண்ண முடியாதாம்’ என்று மட்டும் சொன்னேன். அவள் நாற்காலியை நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவள் பழையபடி ஜன்னல் பக்கம் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாமி படத்துக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசியது.

அவள் விடுகிறவளா? தைத்துக்கொண்டே ரேடியோவில் கேட்டிருக்கிறாள், நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் என்று அரசாங்கத்தில் ஒன்று இருக்கிறது, வக்கீல்கூட வைக்கத் தேவையில்லை என்று. போன் போட்டு விசாரித்து அவளே மனு எழுதினாள். தனக்குப் பதிலாக அக்கா வருவாள் என்று ஒரு கடிதமும் சேர்த்து வைத்தாள். தபால் பெட்டியில் போட்டவள் நான்தான். அது போய்ச் சேராமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே போட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த வாரத்தில், இரண்டு பக்கத்தாரும் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்று கடிதம் வந்தது.

“நான் எப்டிக்கா வர்றது? வண்டிதான் அவன்கிட்ட கீதே! நீதான் போவணும். போயி தலைய தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்துடாத” என்றாள்.

நான் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவர்தான் அதிகாரி. எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேனேஜர் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“இந்தப் போட்டோவப் பாருங்க மேடம். மனுவுல இதப் பத்தி ஒரு வரி இல்ல. மறைச்சிட்டாங்க.”

அதிகாரி அம்மா போட்டோவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“பாட்டிம்மா, இது நீங்க வெச்சதா?”

“ஆமாம்மா. நான்தான் வெச்சேன்.”

“எலுமிச்சம்பழம்?”

“நாலு சக்கரத்துக்கும் நாலும்மா. என் தங்கச்சிக்கு இது தெரியாதும்மா, வண்டி இதனாலதான் கெட்டுச்சுன்னு.”

“கேட்டீங்களா மேடம்? அவங்களே ஒத்துக்கிட்டாங்க” என்றார் மேனேஜர்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். லேப்டாப்பின் திரை அதிகாரி பக்கம் இருந்ததால் அதன் முதுகு என்னைப் பார்த்து நின்றது. அதில் மூன்று பட்டைச் சந்தனம். நடுவில் குங்குமம், அரை ரூபாய் அளவுக்கு. நான் வைத்ததைவிடப் பெரிசு!

யார் என் வாயைத் திறந்தார்களோ தெரியாது. “சார், இது நல்லா ஓடுதுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. “எது?” என்றார். நான் விரலை நீட்டினேன். அதிகாரி அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் அவருக்கு வந்ததே ஒரு சிரிப்பு! பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் தன் கம்ப்யூட்டரைக் காட்டி, “நம்மளுதும் வாரண்டி போச்சு மேடம்” என்றார். மேனேஜர் முகம் அந்தக் குங்குமம் மாதிரியே சிவந்தது. “பூஜைக்கு எங்க வீட்டம்மா வெச்சது மேடம்” என்று அவரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி அம்மா மேனேஜரிடம் நிதானமாகக் கேட்டார். “சரி, லேப்டாப்ப விடுங்க. வெளிய இருக்கற பொட்டுக்கு ஆறு போட்டோ எடுத்திருக்கீங்க. உள்ள ஈரம் போனதுக்கு ஒரு போட்டோ காட்டுங்க.”

இல்லை. அந்தப் பெட்டியை அவர்கள் திறந்து பார்க்கவே இல்லை! மேலே சிவப்பைப் பார்த்ததும் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார்கள்.

“மூணு நாளைக்குள்ள இந்த அம்மா எதிர்ல திறந்து காட்டுங்க. நனைஞ்சிருந்தா அவங்க பாத்துக்கட்டும். இல்லேன்னா நீங்க சரி பண்ணிக் குடுங்க” என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். என்னிடம், “பாட்டிம்மா, மனுவுல எல்லாத்தையும் சொல்லிடணும். உங்க பக்கம் நியாயம் இருந்தா மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல” என்றார். கண்டிப்பாகத்தான் சொன்னார். ஆனால் வாசல் வரைக்கும் கூட வந்து, எந்த பஸ் என்று கேட்டு ஏற்றிவிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“இதுக்கா இத்தினி நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்த? நீ பொட்டு வெக்கலன்னா நான் அந்த வண்டியில ஏறியே இருக்க மாட்டேன்க்கா!” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே, “அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சு? இன்னொரு வாட்டி சொல்லு” என்று மூன்று தரம் சொல்ல வைத்தாள்.

மூன்றாம் நாள் தி.நகர் கடையில் என் எதிரில் ஸ்குரூ கழற்றினார்கள். உள்ளே ஈரமும் இல்லை, கறையும் இல்லை, காய்ந்து சுத்தமாக இருந்தது. ஒரு ஒயர் பற்றவைத்த இடத்தில் விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். மோட்டாரிலும் ஒரு பழுதும் இல்லை. மேனேஜர் எனக்கு நாற்காலி போட்டு, “மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார். அன்றைக்கே வேனில் நாற்காலியை ஏற்றி, என்னையும் அதிலேயே ஏற்றி அனுப்பினார். எங்கள் தெருவில் நான் வேனின் முன் சீட்டில் வந்து இறங்கியதைப் பார்க்க என் தங்கை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் என்னை விட்டுவிட்டே மார்க்கெட் போகிறாள். நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். சட்டை மடிப்புக் கலையாத யாராவது ‘தப்பு உன்னுடையது’ என்று சொன்னால், அந்த நிமிடமே தலையாட்டிவிடுவது எனக்கு வாழ்நாள் பழக்கம், இன்றைக்கும் தலை ஆடத்தான் பார்க்கிறது, ஆனால் அதற்கு முன்னால், “உள்ள திறந்து பாத்தீங்களா?” என்று மெதுவாகவாவது கேட்டுவிடுகிறேன்.